முப்பத்து மூன்றாவது அடி

"நீங்க படிச்சவர். கோபத்தை அடக்கத் தெரியாதா?" என்று போன வாரம் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் கேட்டார். சின்ன வயதுக்காரர். அவருடைய ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்கள் பதினான்கு பேர், நாற்காலிகள் ஒன்பது, அதில் ஒன்றுக்குக் கால் மூன்று. இதை எடுத்துச் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி.

படிப்புக்கும் கோபத்தை அடக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் அனுபவத்தில் அறிவு, கோபத்துக்கு வக்கீல் வேலைதான் பார்க்கிறது. காரணமில்லாமல் கோபப்படுகிறவன் அரை மணியில் ஓய்ந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான். எனக்குக் காரணமில்லாமல் கோபம் வந்ததே கிடையாது. அதனால் அது ஓய்வதும் கிடையாது.

டாக்டர் கேட்ட அதே கேள்வியை என்னைப் பற்றி முதலில் கேட்டவர் எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்குச் சாமியார். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே கொள்ளிடத்தை ஒட்டிய எங்கள் ஊரில், கோவில் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். வயது இருபத்து மூன்று. அம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏற்கனவே பார்த்து முடித்திருந்தேன்.

பெண் பக்கத்து ஊர். அதே பங்கு, அதாவது ஒரே சாமியாரின் கீழ். அவளுடைய அப்பா எனக்கு முறைக்கு மாமா, ரத்தத்தில் தூரம். போன திருவிழாவில் தேர் இழுத்தபோது, வடத்தில் எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, "எண்பத்தாறு பேர்" என்று அவளுடைய அண்ணனிடம் சொன்னேன். பின்னால் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அவரையும் சேத்து எண்ணினாரான்னு கேளுண்ணா" என்றது. நான் என்னைச் சேர்த்திருக்கவில்லை. என் கையும் வடத்தில்தான் இருந்தது. என் வாழ்க்கையில் என் கணக்கில் பிழை கண்டுபிடித்த முதல் ஆள் அவள். அன்றே தீர்மானித்துவிட்டேன்.

மாமாவுக்கும் சம்மதந்தான். எல்லாம் கூடிவந்த நேரத்தில் நான் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ் ஏறினேன்.

அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய பீப்பாயைக் கட்டி, அதில் கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டுவார்கள். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். இருபது பேர் ஏறலாம் என்று உள்ளே எழுதியிருந்தது. நான் எண்ணினேன். முப்பத்து நாலு பேர். கண்டக்டரிடம் சொன்னேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது என் குரல் டிரைவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உயர்ந்துவிட்டது.

"எத்தனை பேரு அதிகம்ங்கிறீங்க வாத்தியாரே?" என்றான் கண்டக்டர்.

"பதினாலு."

"பதிமூணாக்கிடலாம். எறங்குங்க."

பஸ் முழுவதும் சிரித்தது. அரியலூருக்கு இன்னும் ஆறு மைல் இருந்தது. நான் இறங்கியதும் வண்டி மேட்டில் கிளம்ப மறுத்தது. தள்ளுவதற்கு மற்றவர்களும் இறங்கினார்கள். நானும் தோள் கொடுத்தேன். கிளம்பியதும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. போகும்போது பார்க்கிறேன், கடைசி ஜன்னலில் மாமா. பெரம்பலூரில் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார்; அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் புழுதிக்குள் மறையும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுவாரம் அம்மாவுக்குச் சேதி வந்தது. "பையன் கெட்டிக்காரன்தான். ஒரு கண்டக்டர்கிட்ட அடங்கி உக்கார முடியாதவன், கட்டிக்கிட்டவகிட்ட எப்படிப் பொறுத்துப் போவான்? யோசிக்கணும்."

யோசிக்கணும் என்றால் எங்கள் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். அம்மா மூன்று நாள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. என் கணக்கு சரிதானே என்று நான் கேட்டபோது மட்டும் பேசினாள். "உன் கணக்கையே கட்டிக்க."

அப்போதுதான் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, வந்தது.

எங்கள் ஊரில் தபசு காலத்தில் பாஸ்கு போடுவார்கள். ஆண்டவர் சிலுவையில் அறையப்படும்வரை பட்ட பாடுகளை நாடகமாக நடிப்பது. அதுவரை பத்து வருஷமாக ஆண்டவர் வேஷம் கட்டியவர் ஒரு சம்சாரி. நெடிய உருவம், சாந்தமான முகம். அவருக்கு வசனம் மட்டும் நிற்காது. திரைக்குப் பின்னாலிருந்து, சாமியாருக்கு உதவியாக ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் எடுத்துக்கொடுப்பது ஜனங்களுக்கு முதலில் கேட்கும், அப்புறந்தான் ஆண்டவர் பேசுவார். அந்த வருஷம் அவர் ரயில்வேயில் கேங் வேலைக்குப் போய்விட்டார். சண்டைக் காலமானதால் லீவு கிடைக்கவில்லை.

சாமியார் என்னைச் சொன்னார். உபதேசியார் பதறிப்போனார். இருவரும் கோவில் முற்றத்தில் பேசியதை நான் வகுப்பு ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"வசனம் அவனுக்கு நிக்கும் சாமி. அவன்தான் நிக்க மாட்டான். சேவகன் நாலு அடி அடிச்சா அஞ்சாவதுக்கு சாட்டையைப் பிடுங்கிடுவான்."

"அவன் படிச்சவன்யா. படிச்சவனுக்குக் கோபத்தை அடக்கத் தெரியாதா?"

"தெரியும் சாமி. கோபம் தீந்தப்பறம் தெரியும்."

சாமியார் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. என் கல்யாண விஷயம் அவருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாமாவை நிறுத்தி வைத்துப் பேசினார். மாமா யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். பாஸ்கில் அடிக்கிற காட்சி முடியும்வரை நான் வாய் திறக்காமல் நின்றுவிட்டால் பெண் கொடுப்பார். ஒரு சொல் பேசினாலும் பேச்சு அத்தோடு சரி.

நியாயமான பரீட்சை என்றுதான் எனக்கும் பட்டது. ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அடிக்கிற சேவகர்கள் இரண்டு பேரில் ஒருவன் அவருடைய மகன். அதாவது என் மச்சான்.

மச்சானுக்கு என்மேல் பகை ஒன்றும் கிடையாது. வகுப்பில் எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து, ஐந்தாவதோடு நிறுத்திக்கொண்டு, மல்லாட்டைக் கடலை பயிரிட்டுச் சந்தோஷமாக இருந்தவன். என்னைச் சீண்டுவது அவனுக்கு வெற்றிலை மாதிரி. அவ்வளவுதான்.

ஒத்திகை முதல் நாளே புளிச்சை நாரில் முறுக்கிய சாட்டையைக் கொண்டுவந்தான். அதைச் செம்மண் கரைத்த தண்ணீரில் நனைத்து அடித்தால் வெள்ளை அங்கியில் ரத்தக் கோடு மாதிரி விழும். லேசாக வீசினாலே போதும். மச்சான் லேசாக வீசவில்லை.

"வலிக்குதா வாத்தியாரே?"

"இல்லை."

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் பழகணும்."

நானும் பழகினேன். அடி விழ ஆரம்பித்ததும் மனசுக்குள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொடங்குவேன். அது முடிந்தால் பதினேழு, பிறகு பதினெட்டு. பத்தொன்பதுக்குப் போகும்போது முதுகு வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிடும். என் அறிவு முதன்முறையாக என் கோபத்துக்கு எதிர்க்கட்சியில் நின்று வாதாடியது. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. மச்சான் கடைசி ஒத்திகையில் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு, "இவரு பனமரம்யா. எனக்குத்தான் கை வலிக்குது" என்றான். உபதேசியார்கூட என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். கல்யாணத்துக்கு எந்த மாதம் நல்லது என்று அம்மா விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

வழக்கமாக பாஸ்கு இரவில் நடக்கும். அந்த வருஷம் மண்ணெண்ணெய்க்கு அடிதடி. பெட்ரோமாக்ஸ் விளக்கு ஆறு ஏற்ற எங்கே போவது? சாமியார் பகல் இரண்டு மணிக்கே தொடங்கி, பொழுது சாய்வதற்குள் முடிக்கச் சொல்லிவிட்டார். பட்டப் பகலில் எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிந்தது. ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லும் தேசாதிபதி கட்டியிருந்தது யாருடைய கூறைச் சேலை என்றுகூடப் பெண்கள் அடையாளம் சொன்னார்கள். மாமா முன் வரிசைப் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் அவளும் இருந்தாள். மூன்றாவது வரிசை, வலமிருந்து ஐந்து.

ராப்போசனக் காட்சி, பூங்காவனக் காட்சி எல்லாம் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். உபதேசியார் திரைக்குப் பின்னால் வேலையில்லாமல் பொரி தின்றுகொண்டிருந்தார். பிறகு என்னைத் தூணில் கட்டினார்கள். கட்டியது நாடகத்துக்கான முடிச்சு, இழுத்தால் அவிழும்.

எங்கள் ஊர் வழக்கப்படி அடி முப்பத்தொன்பது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் சேவகன் உரக்க எண்ண வேண்டும். எண்ணியதும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்று சொல்வார்கள். எண்ணும் பொறுப்பு மச்சானுடையது.

"ஒண்ணு!" என்றான். நான் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன்.

ஒத்திகையைவிட அன்று அவன் மெதுவாகத்தான் அடித்தான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தங்கையைக் கட்டப்போகிறவன் என்று இரக்கப்படுகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. இருபத்து மூன்றாவது அடி விழுந்தது.

"இருபத்திரெண்டு" என்றான் மச்சான்.

பெண்கள் ஜெபம் சொன்னார்கள். என் முதுகில் அதுவரை இல்லாத ஓர் அரிப்பு கிளம்பியது. வாய் தவறிவிட்டான், அடுத்ததில் சரிசெய்துகொள்வான் என்று என்னைத் தேற்றினேன். அவன் இருபத்து மூன்று என்று சொல்லி அடுத்த அடியை அடித்தான். எனக்கு வாய்ப்பாடு நின்றுபோனது. இப்போது என் தலைக்குள் இரண்டு எண்ணிக்கை ஓடியது, அவனுடையது ஒன்று, சரியானது ஒன்று. ஒன்று கூடுதல்தானே, பரவாயில்லை, ஆண்டவர் எவ்வளவோ பொறுத்தார் என்று பல்லைக் கடித்தேன். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது என்றான். அடுத்த அடிக்கும் முப்பது என்றான். அதற்கு அடுத்த அடிக்கும் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, முப்பது என்றான்.

"முப்பத்து மூணு" என்றேன்.

 திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியார், "அந்த வசனம் இல்லையே" என்றது கடைசி வரிசை வரை கேட்டது.

என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை. கயிற்றை உதறி இரண்டு கையையும் வெளியே எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இருபத்திரெண்டை ரெண்டு தடவை சொன்ன. அதுல ஒண்ணு. முப்பதை மூணு தடவை சொன்ன. அதுல ரெண்டு. ஆகமொத்தம் மூணு. இப்படியே போனா முப்பத்தொம்பது முடியறப்ப நாப்பத்திரெண்டு ஆயிருக்கும். எண்ணத் தெரியலைன்னா எண்ண வராதே. எண்ணறவங்ககிட்ட குடு."

விரல்விட்டுக் காட்டிச் சொன்னேன். முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. பெண்கள் பழக்கதோஷத்தில் ஒரே குரலாக, "ஆண்டவரே, எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்றார்கள்.

மச்சான் சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கூப்பினான். "சரிங்க ஆண்டவரே. எந்த எண்ணுலேர்ந்து போகட்டும்?"

"முப்பத்து நாலு" என்று சொல்லிவிட்டு நானே கையைப் பின்னால் கொண்டுபோய்த் தூணோடு வைத்துக்கொண்டேன். சாமியார் நாற்காலியில் குனிந்து ஜெபப் புத்தகத்தால் முகத்தை மூடியிருந்தார். தோள்கள் குலுங்கின. அவர் அழுகிறார் என்று நினைத்து முன் வரிசைக் கிழவிகள் சிலரும் அழுதார்கள். மீதி ஆறு அடியும் கணக்குப் பிசகாமல் விழுந்தன. சிலுவைக் காட்சி வந்தபோது ஊர் முழுவதும் எப்போதும் போலத் தேம்பியது. நானும் கொஞ்சம் தேம்பினேன். என் காரணம் வேறு.

எல்லாம் முடிந்து அங்கியைக் கழற்றி, வேட்டி சட்டையோடு வெளியே வந்தேன். கோவிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மாமாவின் வண்டி நின்றது. அவர் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். மச்சான் நுகத்தடியைப் பிடித்திருந்தான். அவள் வண்டிக்குள் இருந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே நான் அங்கே போய் நின்றேன்.

மாமா கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார். "வாத்தியாரே, நான் கேட்டது ஒண்ணுதான். ஒரு நாழி வாயை மூடிட்டு நிக்கறது. அத்தனை ஜனத்துக்கு முன்னாடி, ஆண்டவர் வேஷத்துல நின்னுக்கிட்டு உங்களால முடியல."

"கணக்குத் தப்பு மாமா."

"தப்புதான். இருந்துட்டுப் போவட்டுமே. எங்க பெரம்பலூர் மாப்பிள்ளையைப் பாத்திருக்கீங்களா? அவருக்கும் படிப்பு இருக்கு. ஒரு சொல் அதிகமாப் பேசி நான் கேட்டதில்ல. அப்படி ஒரு அடக்கம். மனுசன்னா அப்படி இருக்கணும்."

 வண்டிக்குள்ளிருந்து அவள் பேசினாள்.

"அப்பா, எண்ணிக்கையத் தப்பாச் சொல்லச் சொன்னது நான்தான்."

மாமா திரும்பினார். மச்சான் மாட்டின் காதைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"அண்ணன் தெனமும் வந்து, அவரு மரமாட்டம் நிக்கறாரு, என்ன அடிச்சாலும் கோவம் வரலன்னு சொன்னான். எனக்கு அது பயமா இருந்துச்சு. கோவம் வராத ஆளு இருக்காங்களா? வந்தா இவரு என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அடிச்சா வராது, கணக்கைக் கலைச்சுப் பாருன்னு சொன்னேன்."

"வந்துச்சே. பாத்தியா?" என்றார் மாமா.

"பாத்தேன். நீங்க வாயைப் பாத்தீங்க. நான் கையைப் பாத்துக்கிட்டிருந்தேன். கயிறு அவுந்துபோச்சு. அண்ணன் ஒரு முழந்தூரத்துலதான் நின்னான், சாட்டையும் எட்டிப் பிடிக்கற மாதிரி இருந்துச்சு. ரெண்டு கையும் வெரல் எண்ணிச்சுப்பா. வேற ஒண்ணும் பண்ணல."

 பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "பெரம்பலூர் அத்தான் சத்தம் போட்டு யாருமே கேட்டதில்ல. நெசந்தான். அக்கா ஏன் நாலு மாசத்துக்கு ஒரு தடவ ஒடைஞ்சதுக்குப் பதிலா புது வளையல் போடுதுன்னு நீங்க கேட்டிருக்கீங்களா?"

மாமா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சான் இப்போது மாட்டைத் தடவவில்லை. முந்தின வாரந்தான் பெரம்பலூர் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தவர் மாமா. என்ன நினைவு வந்ததோ, அவர் முகம் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கிற முகமாக இருந்தது. நான் அந்த முகத்தை நன்றாக அறிவேன். ஆனால் அன்று எனக்கு எதையும் எண்ணத் தோன்றவில்லை.

"எத்தனை வருசமா?" என்றார் கடைசியில்.

"அக்கா சொல்லாது. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். வண்டியைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றார்.

"நாளைக்கு அரியலூர் போய் பஸ் பிடிச்சு, பெரம்பலூர் போறேன். நீங்களும் வரணும். எனக்கு அந்த ஆள் முன்னாடி நின்னு பேச வராது. இத்தனை நாளும் அடக்கம் அடக்கம்னு நானே மெச்சிட்டு வந்திருக்கேன்."

"வரேன் மாமா."

"ஒண்ணு விடாமக் கேக்கணும்."

"கேக்கறேன்."

முதுகில் செம்மண் காய்ந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. கழுவிவிட்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, விடியற்காலையில் வந்துவிடுகிறேன் என்றேன்.

"அம்மாகிட்ட நான் ஆளனுப்பறேன். ராத்திரி நம்ம வூட்டுலயே படுத்துக்கலாம்" என்றார் மாமா. "ஏறுங்க மாப்பிள்ளை."